மாஸ் இயலின் தந்தை ஜோஹன் ஹெட்விக்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மழைக்காலம் வந்துவிட்டால் போதும், கிணற்றடியிலும் மதிற்சுவரிலும் பச்சை வெல்வெட்டுத் துணியை விரித்தாற்போல் பாசி படர்ந்துவிடும். வழுக்கிவிடுமோ என்று அஞ்சி நாம் விலகி நடப்போம். வீட்டில் பெரியவர்கள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அந்தப் பச்சைப் படர்வை உற்று நோக்கினால், தண்டும் இலையும் போன்ற உறுப்புகளோடு சின்னஞ்சிறு செடிகள் பல இருப்பதைக் காணலாம். தாவரவியலார் இவற்றை மாஸ் என்று அழைக்கின்றனர். யாரும் ஏறெடுத்துப் பாராத இச்செடிகளுக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெருமகனார்தாம் ஜோஹன் ஹெட்விக்.

இவர் 1730 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் டிரான்சில்வேனியாவிலுள்ள குரோன்ஷ்டாட் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் பிரஷோவ் என்ற பெயருடன் ருமேனியா நாட்டில் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1759 இல் பட்டம் பெற்றார். பிறந்த மண்ணிலேயே மருத்துவம் செய்ய விரும்பினார். ஆனால் வியன்னாவில் பட்டம் பெறாதவர் அங்கே மருத்துவராகப் பணிபுரிய இயலாது என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. சொந்த ஊரின் கதவு அடைபட்டதே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

பகலெல்லாம் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். ஆகவே விடியற்காலையில் எழுந்து வயல்வெளிகளுக்கும் காடுகளுக்கும் சென்று செடிகளைச் சேகரிப்பார். வேலை முடிந்தபின் அவற்றை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்வார். கண்டதைக் கண்டபடியே காட்ட வேண்டும் என்பதற்காக ஓவியம் வரையவும் கற்றுக்கொண்டார். இதற்கிடையில் அவருடைய மனைவி காலமானார். தாயை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர்மீது விழுந்தது. பின்னர் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவியார் கணவரின் ஆராய்ச்சிக்குப் பெரிதும் ஊக்கமளித்தார். 1781 இல் குடும்பம் லைப்சிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது ஹெட்விக்குக்கு வயது ஐம்பது.

அந்நாளில் மாஸ் செடிகள் எவ்வாறு இனம் பெருக்குகின்றன என்பது பெரும் புதிராக இருந்தது. மாபெரும் அறிஞரான லின்னேயஸ்கூட அவற்றின் வித்துப்பையை, பூவின் மகரந்தப்பை போன்றது என்றே கருதியிருந்தார். ஹெட்விக் தம் கண்களையே நம்பினார். செடியின் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் தனித்தனியே கண்டறிந்தார். வித்துப்பையிலிருந்த நுண்ணிய வித்துகளைத் தூவி, அவை முளைத்து வளர்வதையும் கண்டார். இப்படிப் பூக்காத தாவரங்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமி பரிசு வழங்கியது. அது 1784 இல் நூலாக வெளிவந்தது. 1786 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரானார். 1789 இல் தாவரவியல் பேராசிரியர் பதவியும் தாவரத் தோட்டத்தின் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன.

தமக்குத் தெரிந்த மாஸ் இனங்களையெல்லாம் ஒரே நூலில் தொகுக்கும் பெரும்பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். ஆனால் அதை அச்சில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1799 பிப்ரவரியில் அவர் உயிர் பிரிந்தது. ஷ்வேக்ரிகென் என்னும் அறிஞர் அந்நூலைச் செப்பனிட்டு 1801 இல் வெளியிட்டார். ஸ்பாக்னம் குடும்பத்தைத் தவிர மற்ற மாஸ்களின் அறிவியல் பெயர்களுக்கு அந்நூலே இன்றளவும் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அந்நூலில் பேஸ்கம் பேட்டன்ஸ் என்னும் மிகச்சிறிய மாஸ் ஒன்று இடம்பெற்றிருந்தது. இன்று அதன் பெயர் பிஸ்கோமிட்ரியம் பேட்டன்ஸ். ஈரச் சேற்றில் வளரும் அந்தச் சிறுசெடிதான் இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டு, செல்கள் மூப்படைவதைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லித் தருகிறது.

நம் பாட்டி கிழிந்த புடவையை வீணாக்காமல் தொட்டிலாகவும் தலையணை உறையாகவும் மாற்றிவிடுவார் அல்லவா? ஒவ்வொரு செல்லும் அப்படித்தான் செய்கிறது. பழுதுபட்ட பகுதிகளை ஓர் இரட்டைச் சவ்வுப் பைக்குள் பொதிந்து, செரிக்கும் இடத்துக்குக் கொண்டுசென்று, சிதைத்து, கிடைக்கும் சத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறது. இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். ஆட்டோபேஜி என்ற சொல்லை 1963 இல் கிறிஸ்டியன் டி டூவ் உருவாக்கினார். இது நடைபெறும் விதத்தை ஈஸ்ட்டில் ஆராய்ந்து கண்ட யோஷினோரி ஓசுமிக்கு 2016 இல் நோபல் பரிசு கிடைத்தது.

தன்னையே உண்டால் செடி சீக்கிரம் அழிந்துவிடாதா என்று நமக்குத் தோன்றும். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹெட்விக்கின் அந்தச் சிறு மாஸில், தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி5 என்னும் ஜீனை நீக்கிப் பார்த்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். சத்துக் குறைவிலும் இருளிலும் வைத்தபோது, ஜீனை இழந்த செடியே இயல்பான செடியைவிட விரைவில் பசுமை இழந்து மூப்படைந்தது. ஆகவே தன்னுண்ணல் மாஸை அழிப்பதன்று. துன்பக் காலத்தில் அதன் மூப்பைத் தள்ளிப்போட்டுக் காப்பது என்பது விளங்கியது.

மாஸ் செடியின் அடிப்பகுதி பழுத்துப் பழுப்பாகும்போதும் நுனி பசுமையாகத் தளிர்த்துக்கொண்டே இருக்கும். ஹெட்விக்கின் வாழ்வும் அத்தகையதே. ஊர் மறுத்தது, மனைவி மறைந்தார், இளமை கழிந்தது. ஆயினும் மற்றவர்கள் ஓய்வை நாடும் ஐம்பது வயதுக்குப் பிறகே அவருடைய பெருநூல்கள் தளிர்த்தன. அவர் பெயர் சூட்டிய ஒரு சிறுசெடி, அவர் கனவிலும் காணாத உண்மையை இன்று நமக்குச் சொல்கிறது.

தோழியரே, தேர்வில் ஒருமுறை மதிப்பெண் குறைந்தாலே எல்லாம் முடிந்தது என்று அழுதுவிடுகிறோம். நானும் அழுதிருக்கிறேன். இனி அடுத்த மழைக்குப் பள்ளி மதிலில் பாசி படரும்போது, ஒரு நொடி குனிந்து பாருங்கள். பழுதானதையும் உரமாக்கிக்கொண்டு தளிர்க்கும் கலையை அது நமக்குக் கற்றுத்தரும்.