உடன்பிறந்தாரை மீட்கத் திரும்பி நடந்த ஹேரியட் அம்மையார்

இந்த வாரம் நாம் நினைத்துப் பார்க்கப்போகும் அம்மையார் நம் இனத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆனாலும் அவர் கதையைக் கேட்டால், தோட்டத்துப் பாட்டி ஒருத்தி தன் கதையைச் சொல்வது போலவே இருக்கும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்த காலத்தில் வாழ்ந்த ஹேரியட் டப்மன் அம்மையாரைத்தான் சொல்கிறோம்.

மேரிலாந்து மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். அப்பா பென் மரம் வெட்டும் வேலையில் கெட்டிக்காரர். அம்மா ரிட் முதலாளி வீட்டு வேலைக்காரி. ஒன்பது பிள்ளைகள். ஆனால் பெற்றவளுக்குப் பிள்ளைகள் சொந்தமில்லை! தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆடு மாட்டை விற்பது போல மூன்று அக்காமார்களைத் தென்பகுதிக்கு விற்றுவிட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கடைசிப் பையனையும் விற்க ஆள் வந்தபோது, அந்தத் தாய் அவனைக் காட்டில் ஒளித்து வைத்தாள். வாசற்படி தாண்டுகிறவன் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்று வழி மறித்து நின்றாள். விற்பனை நின்றுபோனது.

நம் முன்னோர்கள் சஞ்சிக்கூலிகளாக வந்து பட்ட பாடு கொஞ்சமா? கங்காணியின் கடன் ஒரு பக்கம், துரையின் அதட்டல் ஒரு பக்கம். ஆனாலும் நம் பிள்ளைகளைப் பிடுங்கிச் சந்தையில் விற்றதில்லை. அடிமைத்தனம் அதைவிடக் கொடியது.

ஆறு வயதிலேயே ஹேரியட்டை வேறொரு வீட்டுக்குக் கூலிக்கு விட்டார்கள். ராத்திரியெல்லாம் தொட்டிலை ஆட்டவேண்டும். குழந்தை அழுதால் முதுகில் சாட்டையடி. அந்தத் தழும்பு கடைசிவரை மறையவில்லை. வளர்ந்துவரும் வயதில், தப்பியோடிய ஓர் அடிமையைக் குறிவைத்து மேற்பார்வையாளன் வீசிய எடைக்கல் இவர் தலையில் விழுந்தது. பிழைத்தாரே தவிர, பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கித் தூங்கிவிடும் வியாதி ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்த மயக்கத்தில் கண்ட காட்சிகளையெல்லாம் ஆண்டவன் காட்டும் வழியாகவே அவர் எடுத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. தாய் சொல்லக் கேட்ட வேதக் கதைகள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

முதலாளி மனம் திருந்தவேண்டும் என்றுதான் முதலில் ஜெபித்தார். தங்களையும் விற்கப்போகிறான் என்று தெரிந்ததும், திருந்தாவிட்டால் அவனை எடுத்துக்கொள் என்று வேண்டினார். 1849 மார்ச்சில் அவன் செத்தே போனான். அப்படி வேண்டியதற்காக அவர் பிற்பாடு வருந்தினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு தம்பிமாரோடு புறப்பட்டார். அவர்கள் பயந்து திரும்பிவிட, பின்னர் இவர் மட்டும் தனியே நடந்தார். இரவில் வடமீனைப் பார்த்து நடை, பகலில் புதரில் மறைவு. பென்சில்வேனியா எல்லையைத் தாண்டியபோது அவர் சுதந்திரப் பெண்! ஆனால் வா என்று அழைக்க அங்கே ஒருவருமில்லை. சொந்தபந்தமெல்லாம் அடிமைக் குடிசையில் கிடக்க, தனக்கு மட்டும் விடுதலை எதற்கு என்று நினைத்தார். திரும்பினார்.

அகப்பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். போதாததற்கு, தப்பியவர்களை எங்கே கண்டாலும் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று 1850இல் புதுச் சட்டம் வந்தது. அதனால் மீட்டவர்களைக் கனடாவரை கொண்டுபோக வேண்டியிருந்தது. 1851இல் புருஷனை அழைத்துவரப் புதுத் துணியோடு போனார். அவனோ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, இவர் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டான். மனம் எரிந்தது. ஆனாலும் வந்த நடை வீணாகக்கூடாதென்று வேறு சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்.

1854 கிறிஸ்துமஸ் நாளை மறக்கவே முடியாது. பண்டிகைக்கு மறுநாள் மூன்று சகோதரர்களை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்து ஹேரியட் வந்துவிட்டார். பெற்றோர் வீட்டருகே தீவனக் கொட்டகையில் எல்லாரும் ஒளிந்திருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் சேதி போனது. பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கவில்லை என்று நாளைக்குச் சத்தியமாகச் சொல்லவேண்டுமே என்று, அவர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சோறு கொண்டுவந்து கொடுத்தார். கண்ணைக் கட்டியபடியே கொஞ்ச தூரம் வழியனுப்பவும் வந்தார். அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அழுது கூப்பாடு போட்டுவிடுவாள். பாவம், பண்டிகைச் சாப்பாடு ஆக்கி வைத்துவிட்டு, மகன்கள் வருவார்கள் வருவார்கள் என்று அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமலே போனார்கள் பிள்ளைகள். வழியில் வில்மிங்டன் நகரத்தில் தாமஸ் கேரட் என்ற நல்ல வெள்ளைக்காரர் உதவினார். அதற்குள் ஹேரியட்டின் சப்பாத்து தேய்ந்தே போயிருந்தது.

1857இல் பழைய சக்கரங்களைக் கோத்து ஒரு குதிரை வண்டி செய்து, வயதான தாய் தகப்பனையும் மீட்டார். 1860வரை சுமார் 13 பயணம். ஏறக்குறைய 70 பேர் விடுதலை. பழைய புத்தகங்களில் 300 என்று கண்டிருக்கும். பிற்கால ஆராய்ச்சி 70 என்கிறது. அவர் கூட்டிவந்த எவரும் வழியில் பிடிபடவில்லை. ஆனால் தங்கை ரேச்சலை மீட்குமுன் அவள் இறந்துவிட்டாள். அந்தக் குறை ஒன்று.

உள்நாட்டுப் போரில் தாதியாகவும் வேவுகாரராகவும் உழைத்தார். 1863 ஜூன் 2ஆம் தேதி தென் கரோலினாவில் கொம்பாகி ஆற்றில் படகுகளுக்கு வழிகாட்டி, 700க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்க உதவினார். அந்த உழைப்புக்குச் சரியான சம்பளம் கிடைத்ததா? இல்லை! போர் முடிந்து 34 ஆண்டுகள் கழித்து, 1899இல்தான் மாதம் 20 டாலர் பென்ஷன் என்று ஆனது. கேட்டுக் கேட்டு அலைந்த கதை நமக்கும் புதிதல்லவே.

நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரில் பெற்றோரைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். அனாதைகளுக்கும் அங்கே சோறு உண்டு. பக்கத்து நிலத்தையும் வாங்கித் தேவாலயத்துக்குக் கொடுத்தார். 1908இல் அங்கே முதியோர் இல்லம் திறந்தது. அதே இல்லத்தில் 1913 மார்ச் 10ஆம் தேதி கண்மூடினார்.

நம் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போவது நல்லதுதான், போகத்தான் வேண்டும். ஆனால் அடுப்போரம் காத்திருக்கும் ஒரு தாய் நம் தோட்டத்திலும் உண்டு. அன்று அந்த மகன்களுக்கு உள்ளே போய்ச் சோறு தின்ன வழியில்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த பெருநாளைக்காவது போய் உட்கார்ந்து சாப்பிடுவோமே.