பாட்டுக்குப் பொருள் தந்த பண்டிதர்

கோடை விடுமுறை வந்துவிட்டால் சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் பிள்ளைகள் பலர் பாட்டு வகுப்புக்குப் போகின்றனர். சரளி வரிசை, அலங்காரம் முடிந்ததும் கீதம் தொடங்கும். அந்தக் கீதங்கள் பெரும்பாலும் வடமொழியிலோ கன்னடத்திலோ இருக்கும். பிள்ளை சுருதி தவறாமல் பாடும். பொருள் கேட்டால் விழிக்கும். இந்தக் குறையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதற்காக உழைத்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

1859 ஆகஸ்ட் 2 அன்று தென்காசிக்கு அருகில் சாம்பவர் வடகரையில் எளிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோதே இசையும் கற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற சித்தரிடம் மருத்துவம் பயின்றார். பின்னர் தஞ்சையில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் அவர் மனைவி தலைமையாசிரியை, இவர் தமிழாசிரியர்.

பள்ளி வேலையை விட்டு மருத்துவத்தில் முழுமையாக இறங்கியதும் செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு அருகே பெரிய தோட்டம் அமைத்து, தம் குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். மக்களோ அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர்.

மருந்தில் வந்த பணத்தை இசைக்குச் செலவிட்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கற்கத் தொடங்குவோருக்காகவே கீதம், வர்ணம், கீர்த்தனை எனத் தமிழில் 96 உருப்படிகள் இயற்றி, 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என வெளியிட்டார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் சொன்னதை அவருடைய புதல்வியர் பாடியும் வீணை மீட்டியும் காட்டினர்.

1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல். இன்றைய கர்நாடக இசையின் வேர் பழந்தமிழ் இசையே என்று சிலப்பதிகாரத்தைக் கொண்டு அதில் வாதிட்டார். சுருதிகள் 22 அல்ல, 24 என்ற அவர் கணக்கை எல்லாரும் ஏற்கவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி தமிழிசை ஆய்வுக்கு வழி திறந்தது. 1919 ஆகஸ்ட் 31 அன்று அவர் மறைந்தார்.

கிறிஸ்தவராகிய அவர், தம் பெரு நூலின் பெயரிலேயே சித்தர் குருவின் பெயரை ஒலிக்கச் செய்தார். கற்றுத் தந்தவரை மறவாதவர், கற்க வரும் பிள்ளையையும் மறக்கவில்லை. இன்று மாலை நம் வீட்டுப் பிள்ளை பாடும்போது, அந்தப் பாட்டின் பொருளையும் சேர்த்துச் சொல்லித் தருவோமா?