இரைச்சலை அடக்கிய கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டால் சின்னப் பையன்கூட சொல்லிடுவான். ஆனால் நம்ம லேபில் தினமும் கிரிம்ப் பண்ணுகிற கேபிளிலும், ஃபேன் சத்தத்தை அளக்கிற டெசிபெல்லிலும் அதே மனிதர்தான் இருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1847 மார்ச் 3-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசிப் புரிய வைப்பாராம் மகன். இரண்டு சகோதரர்களையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. 1870-ல் குடும்பம் கனடாவுக்குக் கப்பல் ஏறியது. மறு வருஷமே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆனார். அவரிடம் படித்த மேபல், ஐந்து வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். 1877-ல் அவரையே பெல் மணந்தார். பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம் என்று பெல் வாதாடியதைக் காது கேளாதோர் பலர் இன்றும் ஏற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1876 மார்ச் 7-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்கு அவர் குரல் கம்பி வழியே கேட்டது.

ஆனால் பக்கத்துக் கம்பிகளின் மின்சாரம் டெலிபோனில் இரைச்சலாகப் புகுந்தது. பெல் 1881-ல் அதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கம்பிகளைப் பின்னல் மாதிரி முறுக்கினால், வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அது கழிந்துவிடும். நம்ம நெட்வொர்க் கேபிளில் இருக்கும் நான்கு ஜோடியும் அதே தத்துவம்தான்.

இப்போ என் கதை. எங்க வீட்டில் ஒரே அறை. அப்பா மில்லில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூங்கணும். பழகிப் பார்க்கலாம்னு பழைய ஸ்விட்ச் ஒன்று வாங்கி வந்து ஆன் பண்ணினேன். அதன் குட்டி ஃபேன் விசில் அடித்தது. அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. துண்டைக் காதோடு சுற்றிக்கிட்டுப் படுத்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டினேன். தேய்ந்த ஃபேனை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் ஃபேனைப் போட்டேன். வேகம் பாதியானால் சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே ஒலியின் சக்தி பத்தில் ஒரு பங்குதான். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். அதிர்வு பலகைக்கு இறங்காமல் அடியில் ரப்பர் துண்டு வைத்தேன். நீளமான கேபிள் போட்டு ஸ்விட்சைச் சமையல்கட்டுக்கு மாற்றினேன். காற்று குறைந்ததால் சூடு ஏறுகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன். அப்பா துண்டை எடுத்துவிட்டார்!

பெல் 1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் காலமானார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. பிறகு 1920-களிலேயே பெல் ஆய்வுக்கூடத்தார் அவர் பெயரால் ஓர் அளவை வைத்தார்கள். அதில் பத்தில் ஒன்றுதான் டெசிபெல்.

நண்பர்களே, முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். நாம படிக்கிற படிப்பு முதலில் நம்ம வீட்டுக்காரங்க தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்கட்டும்!