கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களும் பொறியியற் பட்டமும்

ஆனி மாதத்துச் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் நமது மடத்தில் அன்பர்கள் குடும்பத்தோடு வந்து கூடுவது வழக்கம். இவ்வாண்டு அங்கே எழுந்த பேச்சு பெரும்பாலும் அருவியைப் பற்றியதாக இருக்கவில்லை. கல்லூரிச் சேர்க்கையும் அந்நாட்களிலேயே நடைபெறுவதால், எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம் என்பனவே திண்ணையெங்கும் ஒலித்தன. தென்காசி அன்பர் ஒருவருடைய புதல்வி இயந்திரப் பொறியியலில் ஹானர்ஸ் பட்டம் பெற விரும்புகிறாள். மற்றோர் அன்பருடைய புதல்வன் பாலிடெக்னிக் போதும் என்கிறான். நமது சங்கத்தின் கல்வி நிதி இதுகாறும் பட்டப் படிப்பினர்க்கே வழங்கப்பட்டு வருகிறது. இவ்விருவரில் யாருக்கு உதவுவது முறை என்ற வினா எழுந்தபோது, பெரியவர் ஒருவர் ஜி. டி. நாயுடுவின் பெயரை எடுத்தார். அதன்மேல் மூண்ட வாதம் விளக்கேற்றிய பின்னும் ஓயவில்லை. ஆகவே அப்பெரியாருடைய சரித்திரத்தை அன்பர்கள் ஒருமுறை அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இதனை எழுதலானோம். அவர் நம் சமூகத்தவர் அல்லரே என்று வினவும் அன்பர்களும் இருப்பர். அவர் செய்த மோட்டாரும் சவரக் கத்தியும் யார் கையிலும் ஒன்றுபோலவே ஓடின என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு அவர்கள் 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டாகிய 1894இலேதான் சென்னைக் கிண்டிக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிப்பு தொடங்கப்பெற்றது. அப்படிப்புக்கும் இவர்க்கும் ஏறக்குறைய ஒரே வயது எனலாம். ஆயினும் இருவரும் நெடுங்காலம் சந்திக்கவே இல்லை. பள்ளிக்கூடம் அவர்க்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு அது நின்றுபோயிற்று. ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. நம் வீட்டுச் சிறுவர்கள் இப்பகுதியைப் படிக்காமல் தாண்டிச் செல்வார்களாக!

இளமையில் அவர் ஊர்ப்பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்டது முதல் அதனைத் தாமும் அடைய வேண்டும் என்ற எண்ணமே அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. கோயம்புத்தூர் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர்வலம் வந்தாரோ எனின், இல்லை. அதனைத் திருகு திருகாகக் கழற்றி மீண்டும் பூட்டலானார். பெட்ரோலும் காற்றும் எங்கே கலக்கின்றன, பொறி எப்போது தோன்றுகிறது, மேலும் கீழும் செல்லும் பிஸ்டனின் ஓட்டம் எவ்வாறு சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது என்பனவற்றை அவர் கையும் கண்ணும் கற்றுக்கொண்டன.

பின்னர்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார்; பொருள் வந்தது; பம்பாய் சென்று வந்ததையெல்லாம் இழந்தார். இழந்தவர்க்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கில வணிகர். அவருடைய உதவியால் 1920இல் ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே சாரதியாக அமர்ந்து ஓட்டினார். 1933ஆம் ஆண்டளவில் அவருடைய யு. எம். எஸ். கம்பெனியில் 280 வண்டிகள் ஓடின. ஒரே வண்டியில் தொடங்கியவர் பதின்மூன்று ஆண்டுகளில் இந்நிலையை அடைந்ததற்குக் காரணம் பணம் மட்டுமன்று என்பது நம் கருத்து. வண்டி நின்றால் அதன் நோய் இன்னதென்று அறியக்கூடிய முதலாளி அக்காலத்தில் மிக அரியர்.

அதற்குமேல் அவர் செய்தவற்றை யெல்லாம் விரித்துரைக்க நம் பத்திரிகையில் இடம் போதாது. பீளமேட்டில் 1937ஆம் ஆண்டு அவரும், பின்னாளில் டெக்ஸ்டூல் தொழிற்சாலையால் புகழ்பெற்ற பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தனர். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரேசண்ட் என்னும் சவரக் கத்தியும் அவருடையதே. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, கள்ளம் செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பலவும் அவர் சிந்தையில் உதித்தன. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். இருவர் அமரும் மோட்டார் காரை 2,000 ரூபாய் விலையில் 1952இல் உருவாக்கியும், அதனைப் பெருக்கிச் செய்ய அரசாங்கத்தின் அனுமதி கிடைக்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் அவர் செய்த சோதனைகள் வேறு.

நம் வாதத்துக்கு மூலமான செய்தி இனித்தான் வருகிறது. 1945இல் கோயம்புத்தூரில் நாயுடு அவர்களின் முயற்சியாலும் கொடையாலும் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பெற்றது. மூன்றாம் வகுப்போடு பள்ளியைத் துறந்தவர் அக்கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்! ஆனால் நெடுநாள் அமர்ந்திருக்கவில்லை. நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கத்தார் அதற்கு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

குற்றாலத்துத் திண்ணையில் ஒரு சாரார் இதனையே பிடித்துக்கொண்டனர். நாயுடுவே இரண்டாண்டு போதும் என்றார், ஆகவே பட்டத்துக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது அவர்கள் வாதம். நாயுடு அவர்கள் கூறியதில் பாதி மெய், பாதி அவர்க்கே உரிய மெய் என்று நாம் எண்ணுகிறோம்.

அந்த நான்காண்டில் மாணவர் கற்பதுதான் என்ன? முதலாண்டில் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும், பொறியியல் வரைபடமும், பட்டறைப் பயிற்சியும். அதன்பின் பொருள்களின் வலிமை, வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், இயந்திரங்களின் அசைவு, அவற்றை வடிவமைக்கும் முறை, வார்ப்பு, கடைசல், கம்ப்யூட்டரில் வரைதல் ஆகியன. இறுதியாண்டில் தாமே ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். ஹானர்ஸ் என்பதோ இவற்றுக்கு மேலும் 18 முதல் 20 வரையிலான கிரெடிட்டுகளை ஒரு தனித் துறையில் ஈட்டுவது. மின்சார வண்டி, ரோபோ முதலியவற்றில் ஒன்றை ஆழ்ந்து படிப்போர்க்கு அது பயன்படும்.

இக்கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்ட அன்பரை நாம் பேரருவிக்கே அழைத்துச் சென்றோம். மேலிருந்து விழும் நீர் நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையில் பாறையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, அங்கே பொங்கித் தன் வேகத்தை இழந்து, பின்னரே வழிந்து வருகிறது. அதனாலன்றோ குழந்தைகளும் முதியவர்களும் அஞ்சாமல் நீராடுகின்றனர்! இதனை நம் பாட்டிமார் அறிவர். அணையிலிருந்து பாயும் வெள்ளத்தின் வேகத்தை அடக்கப் பொறியாளர்கள் கட்டும் குளமும் இவ்வகையினதே. ஆனால் எத்தனை அடி உயரத்திலிருந்து எவ்வளவு நீர் விழுந்தால் குளம் எத்தனை அடி ஆழம் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துப் பழகியதால் மட்டும் கூறிவிட இயலாது. அதற்குக் கணக்கு வேண்டும். முதலில் கட்டிய குளம் உடைந்துபோனால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா?

நாயுடு அவர்கள் கழற்றியும் உடைத்தும் கற்றார். உடைக்க அவரிடம் பொருள் இருந்தது; பம்பாயில் இழந்தபின்னும் எழுந்து நிற்கும் துணிவு இருந்தது. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் நம் தென்காசிக் குடும்பத்துக்கு உடைக்க என்ன இருக்கிறது? தாளில் கணக்கிட்டு, தவற்றையும் தாளிலேயே செய்து திருத்திக்கொள்வது ஏழைக்கு ஏற்ற வழி. நான்காண்டுப் படிப்பின் பெருமை இதுவே.

மெய்யான பாதியையும் கூறிவிடுவோம். நம் உறவினர் மகன் ஒருவன் பெயர் கூற வேண்டாத ஒரு கல்லூரியில் படித்துப் பட்டத்தோடு வந்தான். லேத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கடையச் சொன்னோம். கூட்டமாக நின்று பிறர் கடைவதைப் பார்த்ததுண்டு என்றான்! அவனை இவ்வூர்ப் பட்டறை ஒன்றில் ஆறு மாதம் விட்டுவைத்தோம். முதல் மாதம் மிக வெட்கப்பட்டான். ஆறாம் மாதத்தில், தான் முன்பு மனப்பாடம் செய்த சூத்திரங்கள் இப்போதுதான் விளங்குகின்றன என்று கூறினான். காலம் வீணாகிறது என்று நாயுடு அவர்கள் கூறியது இத்தகைய கல்லூரிகளைக் கண்டிருந்தால் இன்னும் உரக்கக் கேட்டிருக்கும்.

ஆதலின் நிதிக் குழுவினர்க்கு நாம் வைக்கும் விண்ணப்பம் ஒன்றுண்டு. அப்பெண்ணுக்கும் அப்பையனுக்கும் இருவர்க்குமே உதவுக. பணம் கொடுக்குமுன், அக்கல்லூரியின் பட்டறையில் ஒரு மாணவர்க்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் இயந்திரம் கிடைக்கும் என்று நேரில் சென்று கேட்டறிக. விடுமுறையில் பட்டறைக்குச் செல்ல அவர்கள் இசைந்தால் அதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குக. அடுத்த மாதக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள்.

நாயுடு அவர்கள் 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் நாள் காலமானார். அவர் நிறுவிய தொழிற் கண்காட்சி கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ளது. அப்பக்கம் செல்லும் அன்பர்கள் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாம். அவர் விலகிய கல்லூரி அரசாங்கத்தின் கைக்குச் சென்று, 1950இல் தடாகம் சாலைக்குக் குடிபெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நான்காண்டுப் பட்டமே அளித்து வருகிறது. பீளமேட்டில் அது முதலில் இருந்த இடத்தைப் பேருந்து நடத்துநர்கள் ஹோப் காலேஜ் என்றே கூவி ஆளை இறக்குகின்றனர். இறங்கிப் பார்ப்போர்க்கு அங்கே அக்கல்லூரி இல்லை.