12 ஆட்டங்களில் 14 பந்துகள்

காற்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்கர்கள் அப்பெயரில் ஆடும் ஆட்டத்திலோ பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். எதிரணியினர் தம் சகாவுக்கு வீசும் பந்தைக் குறுக்கே பாய்ந்து பறிப்பது தற்காப்பு ஆட்டக்காரரின் பெருந்திறன். அதில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனைக்கு உரியவர் டிக் லேன்.

1920களின் இறுதியில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், எலா லேன் என்ற கறுப்பினக் கைம்பெண் குப்பைக் குவியலிலிருந்து வந்த சத்தத்தைப் பூனையின் குரல் என்றே முதலில் எண்ணினாராம். விலக்கிப் பார்த்தால், செய்தித்தாளுக்கு அடியில் மூன்று மாதக் குழந்தை! தமக்கென்று பிள்ளைகள் இருந்தும் அதையும் எடுத்து வளர்த்தார். லேன் என்ற பெயர் அவர் தந்ததுதான்.

நான்காண்டு இராணுவச் சேவைக்குப் பின் லேனுக்குக் கிடைத்தது, லாஸ் ஏஞ்சலஸ் விமானத் தொழிற்சாலையில் எண்ணெய் வழியும் தகடுகளைத் தூக்கும் வேலை. 1952இல் ஒருநாள், யாரும் அழைக்காமலேயே ராம்ஸ் குழுவின் அலுவலகத்திற்குள் நுழைந்து வாய்ப்புக் கேட்டார். கையில் இருந்தது, தம் ஆட்டங்களைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டிய ஓர் ஏடு மட்டுமே. பல்கலைக்கழக நேர்காணலுக்குச் சான்றிதழ்க் கோப்பை அணைத்துக்கொண்டு போனவன் நான். அந்த நிமிடத்தின் கனம் எனக்குப் புரிகிறது.

முன்வரிசையில் பந்து பிடிக்கவே அவர் விரும்பினார். அங்கே டாம் ஃபியர்ஸ் போன்ற ஜாம்பவான்கள் இருந்ததால் தற்காப்புக்கு மாற்றினார்கள். ஐயம் கேட்க ஃபியர்ஸின் அறைக்குப் போகும்போதெல்லாம் அங்கே 'நைட் டிரெயின்' என்ற இசைத்தட்டு ஒலிக்கும். அதுவே லேனின் பட்டப்பெயரானது.

முதல் பருவத்திலேயே, 12 ஆட்டங்களில், 14 பந்துகளைப் பறித்தார். பருவத்தின் ஆட்டங்கள் பின்னர் 16 ஆகி, 2021 முதல் 17 ஆகிவிட்டன. 1980இல் லெஸ்டர் ஹேய்ஸ் 13 வரை வந்து நின்றார். லேனின் சாதனை அசையவில்லை.

எதிரியின் கழுத்தில் கையை மாட்டி வீழ்த்துவது லேனின் இன்னொரு முத்திரை. அதைச் சிலாகிப்போர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. அத்தகைய பிடி பின்னர் தடைசெய்யப்பட்டது.

கார்டினல்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ் குழுக்களுக்கும் ஆடி, மொத்தம் 68 பந்துகளுடன் 1965இல் ஓய்வுபெற்றார். 1963இல் பாடகி டைனா வாஷிங்டனை மணந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரை இழந்தார். 1974இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

என்னை அதிகம் தொடுவது அதற்குப் பிந்திய காலம்தான். 1975 முதல் 1992 வரை, டெட்ராய்ட் காவல் துறை பிள்ளைகளுக்காக நடத்திய விளையாட்டு அமைப்பை அவர் வழிநடத்தினார். 2002 ஜனவரியில் ஆஸ்டினிலேயே காலமானார்.