மாயூரம் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (அக்டோபர் 11, 1826 - சூலை 21, 1889) தமிழின் முதல் புதினமாகக் கருதப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர். கத்தோலிக்கக் கிறித்தவரான இவர் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றிய நீதிபதியும் கவிஞரும் கீர்த்தனை ஆசிரியரும் ஆவார். இவருடைய முழுப்பெயர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. நீண்ட காலம் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வாழ்ந்ததால் அவ்வூரின் பெயர் இவருடைய பெயருடன் சேர்ந்தது. துறவியாகவோ சமயப் பரப்புநராகவோ இல்லாமல், அரசு ஊழியராகவும் குடும்பத்தவராகவும் வாழ்ந்துகொண்டே அன்றாடப் பணியைத் தம் இறைப்பற்றின் வெளிப்பாடாக அமைத்துக்கொண்டவர் என்பது இவருடைய வாழ்வின் தனித்தன்மை. இவர் எழுதிய நூல்களில் பெரும்பாலானவை அந்தப் பணியோடு தொடர்புடையவை.

தஞ்சாவூரில் வாழ்ந்த கிறித்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864) இவரின் வேறானவர்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் இணையருக்குப் பிறந்தார். தொடக்கக் கல்வியைத் தந்தையிடம் பெற்றார். பின்னர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். நீதிமன்றத்தில் இருமொழிப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியும் வாய்ப்பு இதனால் இளமையிலேயே கிடைத்தது.

திருச்சிராப்பள்ளியும் அதன் தெற்கேயுள்ள புதுக்கோட்டைப் பகுதியும் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தவை. இத்தளம் 1606 ஆம் ஆண்டில் இராபர்ட் தெ நொபிலியால் தொடங்கப்பெற்றது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூர் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தளத்தின் முக்கிய மையங்களுள் ஒன்றாக இருந்தது. நொபிலியும் அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரும் கிறித்தவக் கருத்துகளைத் தமிழ் மரபிலேயே எழுதியவர்கள். வேதநாயகம் பிள்ளை பிறந்த காலத்தில் இப்பகுதிக் கத்தோலிக்கர்களுக்குத் தமிழில் வழிபடுவதும் பாடுவதும் பல தலைமுறைகளாகப் பழகிய ஒன்றாக இருந்தது. ஆயினும், முன்னவர்கள் குருக்கள். வேதநாயகம் பிள்ளையோ பொதுநிலையினர். இவ்வேறுபாடு அவருடைய எழுத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

நீதித்துறைப் பணி

கல்வியை முடித்த பின் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1850களின் பிற்பகுதியில் முன்சீப் பதவிக்கு உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணிபுரிந்து 1872 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். தரங்கம்பாடி 1845 ஆம் ஆண்டு வரை டென்மார்க் நாட்டினரின் ஆட்சியில் இருந்த ஊராகும்.

சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப் பதவிகள் 1816 ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஏற்பட்டன. கடன், நிலம், சொத்து முதலிய உரிமையியல் வழக்குகளை முதல் நிலையில் விசாரிப்பது முன்சீப்பின் கடமை. எளிய மக்கள் அரசை நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் முன்சீப் நீதிமன்றமும் ஒன்று. ஆகவே அங்கு அமர்ந்தவரின் நேர்மையோ நேர்மையின்மையோ ஒரு குடும்பத்தின் நிலத்தையும் வாழ்வையும் நேரடியாகப் பாதித்தது. கைக்கூலியும் பரிந்துரையும் அக்கால அலுவலகங்களில் பெருங்குறைகளாக இருந்தன. வேதநாயகம் பிள்ளை இவற்றைத் தம் நூல்களில் வன்மையாகக் கண்டித்தார்.

நீதிமன்றத் தமிழ்

கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் பாரசீகம் இந்திய நீதிமன்றங்களில் பெரிதும் வழங்கியது. 1837 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அதன் இடம் குறைந்து, நாட்டு மொழிகளுக்கு இடம் கிடைத்தது. எனினும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. கீழ் நீதிமன்றங்கள் அத்தீர்ப்புகளைப் பின்பற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத வழக்காடுவோருக்கும் வழக்குரைஞர்களுக்கும் அவற்றில் உள்ள சட்டக் கருத்துகள் எட்டவில்லை. தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் எது என்பதை அறியாமலே மக்கள் வழக்காடும் நிலை இருந்தது.

இக்குறையைப் போக்க, சென்னை சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் மொழிபெயர்த்தார். இது சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சதர் நீதிமன்றத்திற்கு மாற்றாகச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பெற்றதும் அதே ஆண்டிலேயே ஆகும். ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த முதல் முயற்சியாக இந்நூல் கருதப்படுகிறது. சட்டக் கருத்துகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடவேண்டிய தேவையை இப்பணி அவருக்கு உண்டாக்கியது.

நீதிமன்ற நடவடிக்கைகள் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்ற கருத்தைப் பின்னர் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் வற்புறுத்தினார். வழக்காடுபவரும் நீதிபதியும் தமிழராக இருக்கும்போது வழக்குரைஞர் மட்டும் ஆங்கிலத்தில் வாதிடுவதன் பொருந்தாமையை அப்புதினத்தில் எள்ளி நகையாடியுள்ளார்.

நீதிநூல்

1859 ஆம் ஆண்டில் வெளியான நீதிநூல் இவருடைய முதல் குறிப்பிடத்தக்க செய்யுள் நூலாகும். திருக்குறளைப் போல அதிகாரங்களாகப் பகுக்கப்பட்ட இந்நூல் இறைவனின் மாட்சியில் தொடங்கி அரசர், குடிகள், தாய் தந்தையர், கணவன் மனைவியர் ஆகியோரின் கடமைகளைக் கூறுகிறது. களவு, பொய், சூது, மது, புறங்கூறல் முதலிய குற்றங்களைக் கடிகிறது. கைக்கூலிக்கு இதில் தனி அதிகாரம் உண்டு. பழைய அறநூல்களில் பொதுவாகக் களவு என்பதற்குள் அடங்கிவிடும் ஒரு குற்றத்தை, அலுவலகத்தில் நாள்தோறும் நிகழும் குற்றமாகப் பிரித்துக் காட்டியது இந்நூலின் புதுமை. முன்சீப் ஒருவரின் மேசைக்கு எதிரே வந்து நிற்கும் குற்றங்களும் துன்பங்களுமே இதன் பாடுபொருள்களாக அமைந்துள்ளன எனலாம்.

நூல் முழுவதும் அறத்திற்கு அடிப்படையாக ஒரே இறைவன் காட்டப்படுகிறான். ஆனால் கிறித்தவ சமயக் கோட்பாடுகள் வாதப் பொருளாக எடுக்கப்படவில்லை. எச்சமயத்தவரும் பயிலக்கூடிய நூலாக இருந்ததால் இது பரவலாக ஏற்கப்பட்டது.

பணியும் இறைப்பற்றும்

எந்த வேலையைச் செய்தாலும் அதை மனிதருக்கன்றி ஆண்டவருக்கே செய்வதாக எண்ணிச் செய்யவேண்டும் என்ற கருத்து, விவிலியத்தில் பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் காணப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய பெனடிக்டின் துறவியர் மரபு இறைவேண்டலையும் உழைப்பையும் இணைத்தது. 16 ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், துறவு வாழ்வு மட்டுமன்றி உழவும் கைத்தொழிலும் ஆட்சிப் பணியும் இறை அழைத்தல்களே என்று வாதிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் பொதுநிலையினரின் உலகப் பணிகளுக்குரிய சமய மதிப்பு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் (1962 - 1965) விரிவாக எடுத்துரைக்கப்பட்டது.

அச்சங்கத்திற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேதநாயகம் பிள்ளை இது குறித்துத் தனிக் கோட்பாடு எதையும் வகுக்கவில்லை. ஆனால் அவருடைய நூல்களை ஒருங்கே நோக்கினால் இக்கருத்து தெளிவாகப் புலப்படும். தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடிய பக்தரும், தீர்ப்புகளை மொழிபெயர்த்த அலுவலரும் அவரில் வேறு வேறானவர்களாக இல்லை. அனைத்தையும் காணும் இறைவனின் முன்னிலையில் தீர்ப்பளிக்கிறோம் என்னும் எண்ணமே நீதிபதியைக் கைக்கூலியிலிருந்தும் ஓரவஞ்சனையிலிருந்தும் காக்கும் என்பது அவருடைய அற நோக்கின் அடிப்படை. வழக்காடுபவருக்கு அவருடைய மொழியிலேயே சட்டத்தைத் தருவதும் இந்நோக்கில் அறச்செயலே ஆகும்.

சமய நல்லிணக்கம்

வேதநாயகம் பிள்ளை தம் சமயத்தில் உறுதியாக இருந்தவாறே பிற சமயச் சான்றோருடன் நெருங்கிப் பழகினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் இவருடைய நண்பர்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இயற்றிய சீகாழிக் கோவைக்கு இவர் சிறப்புக் கவிகள் வழங்கினார். சைவப் புலவர் கிறித்தவ நீதிபதிமீது கோவை பாடியதும், கிறித்தவ நீதிபதி சைவத் தலத்தின் கோவையைப் பாராட்டியதும் 19 ஆம் நூற்றாண்டின் சமய வாதங்களுக்கிடையே நிகழ்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. இந்நட்புகளைப் பற்றிய செய்திகள் உ. வே. சாமிநாதையரின் நூல்கள் வாயிலாகக் கிடைக்கின்றன.

1878 ஆம் ஆண்டில் வெளியான சர்வ சமய சமரசக் கீர்த்தனை இப்போக்கின் முதன்மையான வெளிப்பாடாகும். குறிப்பிட்ட தெய்வப் பெயர் எதுவுமின்றிப் பொதுவாக இறைவனை விளித்துப் பாடப்பட்ட இக்கீர்த்தனைகள் கருநாடக இசையின் இராக, தாள அமைப்பில் உள்ளன. இவற்றில் இறை வேண்டுதலுடன் இல்லறம், ஒழுக்கம் முதலிய அன்றாட வாழ்வுச் செய்திகளும் இடம்பெறுகின்றன. இவருடைய கீர்த்தனைகள் சில தமிழிசை மேடைகளில் தொடர்ந்து பாடப்பட்டு வருகின்றன.

பஞ்ச காலப் பணி

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும் பஞ்சம் தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. இதில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது வேதநாயகம் பிள்ளை பதவியில் இல்லை. ஆயினும் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, பசித்தவர்களுக்குக் கஞ்சி வழங்கச் செய்தார். இவருடைய கொடையைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். பஞ்சம் தீர இறைவனை வேண்டும் பாடல்கள் இவருடைய கீர்த்தனை நூலில் உள்ளன. மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இவர் பணியாற்றியுள்ளார்.

புதினங்கள்

பிரதாப முதலியார் சரித்திரம் 1879 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழில் செய்யுள் நூல்கள் மிகுந்தும் உரைநடை நூல்கள் குறைந்தும் இருந்த நிலையை மாற்றுவதும், கதை வாயிலாக நல்லொழுக்கத்தைக் கற்பிப்பதும் இதன் நோக்கங்கள். கதைத் தலைவனான பிரதாப முதலியாரைக் காட்டிலும் அவன் மனைவி ஞானாம்பாளே அறிவும் துணிவும் மிக்கவளாகப் படைக்கப்பட்டுள்ளாள். ஆண் வேடத்தில் இருக்கும் அவள் விக்கிரமபுரியின் அரசியாகும் நிலை ஏற்படுகிறது. நேர்மையான நீதி வழங்கல், குடிகளின் மொழிக்கு மதிப்பு, ஊழல் ஒழிப்பு ஆகியவற்றைக் கொண்ட அவளுடைய ஆட்சியில், முன்சீப்பாக இருந்த ஆசிரியர் விரும்பிய அரசு எத்தகையது என்பதைக் காணலாம்.

கதைத் தொடர்ச்சியைவிடக் கிளைக் கதைகளும் அறவுரைகளும் மிகுந்திருப்பது இப்புதினத்தின் குறையாகத் திறனாய்வாளர்களால் சுட்டப்படுகிறது. எனினும் எளிய உரைநடையும் நகைச்சுவையும் இதை நிலைபெறச் செய்தன. இரண்டாவது புதினமான சுகுணசுந்தரி 1887 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பெண் கல்வி

பெண்களுக்குக் கல்வி மறுக்கப்படுவதை வேதநாயகம் பிள்ளை அநீதியாகக் கருதினார். நீதிநூலில் கூறிய இக்கருத்தைப் பெண்மதி மாலை (1869), பெண் கல்வி முதலிய நூல்களில் விரித்தார். பெண்ணின் கல்வியைப் பெரும்பாலும் இல்லறத்தின் மேன்மையோடு சேர்த்தே இந்நூல்கள் பேசுகின்றன என்பதால் இக்கால நோக்கில் அவற்றிற்கு ஓர் எல்லை உண்டு. ஆயினும் ஞானாம்பாள் என்னும் பாத்திரம் அவ்வெல்லையைத் தாண்டி நாட்டை ஆள்கிறது.

மறைவு

வேதநாயகம் பிள்ளை 1889 ஆம் ஆண்டு சூலை 21 ஆம் நாள் காலமானார். கிறித்தவப் பாடல்களைக் கொண்ட சத்திய வேதக் கீர்த்தனை அவ்வாண்டில் வெளிவந்ததாகும்.

முக்கிய நூல்கள்

* நீதிநூல் (1859)
* சித்தாந்த சங்கிரகம் (1862)
* பெண்மதி மாலை (1869)
* சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878)
* பிரதாப முதலியார் சரித்திரம் (1879)
* சுகுணசுந்தரி (1887)
* சத்திய வேதக் கீர்த்தனை (1889)
* திருவருள் மாலை
* திருவருள் அந்தாதி
* தேவமாதா அந்தாதி
* தேவ தோத்திர மாலை
* பெரியநாயகி அம்மை பதிகம்