மின்னறிஞர் கண்ட உயிர்க்காப்பு

மின்னால் உயிர் பிரிவதை ஆராயப் புகுந்து, பிரியும் உயிரை மீட்கும் வழியைக் கண்டவர் ஒருவர். அவர் மருத்துவர் அல்லர், மின்பொறியியற் பேராசிரியர். வில்லியம் கூவன்ஹோவன் என்பது அவர் பெயர்.

1886 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்லினிற் பிறந்த இவர், ஜெர்மனியிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1914 இல் பல்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பின்னர் அங்கே பொறியியற் பீடாதிபதியுமானார்.

அக்காலத்தே மின்கம்பிகளிற் பணிபுரிந்தோர் பலர் மின்தாக்கி மாண்டனர். அதன் காரணத்தை அறியுமாறு மின்நிறுவனத்தார் வேண்ட, 1920களில் இவர் ஆய்வு தொடங்கினார். மின்தாக்கிய இதயம் ஒழுங்கிழந்து நடுங்குகின்றது, குருதியை உந்துவதில்லை. மற்றொரு மின்னதிர்ச்சி அதனை நேர்ப்படுத்தவும் கூடும். மார்பைத் திறவாமலே அவ்வதிர்ச்சியைத் தரும் கருவி 1957 இல் உருவாயிற்று.

ஆயினும், வீழ்ந்தவன் அருகே கருவி எப்போதும் இருக்குமோ? 1958 இல் இவருடைய மாணவர் கை நிக்கர்பொக்கர், கருவியின் கனத்த தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோது குருதியமுக்கம் சற்றே உயர்வதைக் கண்டார். மாணவர் கண்ட சிறு குறிப்பை ஆசிரியர் புறக்கணித்தாரல்லர். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் உடன் சேர்ந்தார். மார்பைப் பிளந்து இதயத்தைக் கையாற் பிசைந்த காலம் அது. இம்மூவரோ வெளியிலிருந்தே மார்பை அழுத்தி, 20 நோயாளருள் 14 பேர் பிழைத்தமையை 1960 ஜூலையில் வெளியிட்டனர். 1969 இல், தம் 83 ஆம் வயதில், அப்பல்கலைக்கழகத்தின் மதிப்புறு மருத்துவப் பட்டத்தை இவர் பெற்றார். 1975 இல் மறைந்தார்.

யான் வாழும் பொல்பிட்டியவில் 1969 முதல் நீர்மின் நிலையம் இயங்கி வருகின்றது. அம்மின்னைச் சுமந்து கம்பிகள் மலையேறுகின்றன. மலைச்சரிவில் தோட்ட லயங்கள் இருக்கின்றன. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். எனினும் வளைந்த பாதையில் ஏறிவர நேரமாகும். இதயம் நின்றவன் மூளையோ சில நிமிடங்களிற் கெடத் தொடங்கும். அவ்விடைவேளையில் நம்மவர் முகத்தில் நீர் தெளித்தும் உள்ளங்காலைத் தேய்த்தும் காலங் கழிக்கின்றனர். அவர்தம் அன்பிற் குறையில்லை, அறியாமையே குறை.

செய்யத்தக்கது எளிது. மின்தாக்கியவராயின், முதலில் மின்னைத் துண்டித்தல் வேண்டும். அழைத்தும் உணர்வின்றி, இயல்பாக மூச்சும் விடாதவரைத் தரையில் மல்லாத்துக. ஒருவர் 1990 ஐ அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவே ஒருகைமேல் மறுகை வைத்து அழுத்துக. வளர்ந்தவர்க்கு ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முற்றும் எழவிடுக. உதவி வருங்காறும் நிறுத்தற்க.

செய்யுளைச் சீர் பிறழாது ஒப்பிக்கும் மாணவனுக்கு இந்தத் தாளம் கைவருதல் அரிதன்று. மாணவன் கண்டதை மதித்த ஓர் ஆசிரியராற் பிறந்த கலை இது. ஆதலின் நம் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு பாடவேளையேனும் இதற்கு ஒதுக்குதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.